சமையலறைக்கு மூடித் திறக்கும் கதவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் என் தங்கை மகளுக்குத் தெங்காவில் புதிய நாலறை வீட்டின் சாவி கிடைத்தது. குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். வாசலில் நின்றபடியே கூடம், சாப்பாட்டு மேசை போடும் இடம், அதற்கு அப்பால் அடுப்பு வைக்கப்போகும் மேடை, அதற்கும் அப்பால் துணி துவைக்கும் பகுதியின் சன்னல் என எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. நடுவில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. வந்திருந்த எல்லாரும் வீடு விசாலமாக இருக்கிறது என்று மனநிறைவோடு சொன்னார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் சமைத்து வருபவள் என்பதால், இங்கே கடுகு தாளித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது. ஒரு தடுப்புப் போட்டுக்கொள் என்று அவளிடம் சொன்னேன். “சுவர் எழுப்பினா வீடு சின்னதாயிடாதா, பெரியம்மா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு நான் சொன்ன பதிலையும், அன்றைய பரபரப்பில் சொல்லி முடிக்க முடியாமற்போனவற்றையும் உங்கள் நாளிதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இப்போது வீடு வாங்கும் நம் இளையர்களில் பலர் இதே கேள்வியோடுதான் இருக்கிறார்கள்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஈசூனில் நாங்கள் ஒரு மறுவிற்பனை வீட்டை வாங்கினோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த சுவரை முந்தைய உரிமையாளர் உரிய அனுமதியோடு இடித்து, ஒரே வெளியாக ஆக்கியிருந்தார். வீட்டைப் பார்த்த அன்றே எங்களுக்குப் பிடித்துப்போனதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். குடிபோய் ஆறு மாதம் ஆவதற்குள் கூடத்து மின்விசிறியைத் துடைக்க ஏணியில் ஏறினேன். இறக்கையின் மேற்புறத்தில் விரல் வைத்தபோது பலாப்பிசின் போல ஒட்டியது. பழுப்பு நிறத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தன. சோப்புத் தண்ணீருக்கு அது அசையவே இல்லை. சோடா உப்பைக் கரைத்த வெந்நீரில் துணியை நனைத்து, ஓர் இறக்கைக்கு அரை மணி நேரம் வீதம் தேய்த்தேன். அடுத்த வாரம் குளிரூட்டியைப் பராமரிக்க வந்தவர் அதன் வடிகட்டியைக் கழற்றி என்னிடம் காட்டி, “அக்கா, இது தூசி இல்ல, சமையல் எண்ணெய்” என்றார். சோபாவின் துணியிலும், சாமி படங்களின் கண்ணாடியிலும், நாற்காலியில் தொங்கிய பையனின் பள்ளிச் சீருடையிலும் அதே படலம் இருந்தது.

நம் சமையலில் இது தவிர்க்க முடியாதது. எண்ணெய் நன்றாகக் காய்ந்தால்தான் கடுகு வெடிக்கும். காய்ந்த எண்ணெயில் வெங்காயமோ கறிவேப்பிலையோ விழும்போது அவற்றிலுள்ள ஈரம் சட்டென்று ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகளையும் தன்னோடு தூக்கிக்கொண்டு மேலே எழுகிறது. சூடு இருக்கும்வரை அந்தத் துளிகள் காற்றில் மிதக்கும். குளிர்ந்த பரப்பு எங்கே கிடைக்கிறதோ அங்கே படியும். வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டால் அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசினும் புகையோடு கலந்து, மூச்சுக்குழாயின் நரம்பு முனைகளைத் தூண்டி இருமலை வரவழைக்கும். தாளிப்புப் புகைக்குக் ‘குய்ப்புகை’ என்று சங்கத் தமிழிலேயே தனிச்சொல் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் பெயரிட்டு அழைத்துவரும் ஒன்றை, வீட்டு வரைபடத்தில் மட்டும் இல்லாததுபோல வைத்துக்கொள்ள முடியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் சமையல் மணத்துக்காக நாம் யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை. அண்டை வீட்டாருக்கிடையே கறி வாசனை தொடர்பாக எழுந்த ஒரு பிணக்கைப் பற்றிய செய்தி வெளியானபோது, 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி இன வேறுபாடு பாராமல் சிங்கப்பூரர்கள் பலர் தங்கள் வீடுகளில் கறி சமைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த நாளை நான் நன்றியோடு நினைத்துப் பார்க்கிறேன். நான் இங்கே கேட்பது அண்டை வீட்டாருக்கான ஏற்பாடு அன்று. அந்தச் சமையலைச் செய்பவரும், அதே கூரையின்கீழ் மூச்சு விடும் குழந்தையும் முதியவரும் நலமாக இருப்பதற்கான ஏற்பாடு. அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது வெளிவரும் புகையை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்புடையவற்றின் பட்டியலில் 2ஏ பிரிவில் சேர்த்திருக்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை. அதுபற்றிய அதன் தொகுப்பு 2010இல் வெளிவந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் அப்பளம் பொரிப்பதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொரிக்கும்போது அந்தப் புகை, பேத்தி விளையாடும் பாய்க்கு வராமல் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

புகை உறிஞ்சி இருக்கிறதே என்று பலர் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால், வெளியே குழாய் போகாமல், கரி வடிகட்டி வழியாகக் காற்றை மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை அது. இவ்வகைக் கருவி எண்ணெய்த் துளியில் ஒரு பகுதியையும் வாடையில் ஒரு பகுதியையும் பிடிக்கும். சூட்டையும் ஈரத்தையும் அப்படியே திருப்பி விட்டுவிடும். கரியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வாடையையும் பிடிக்காது. வெளியேற்றும் குழாயுள்ள நல்ல கருவியாக இருந்தாலும், அடுப்பிலிருந்து செங்குத்தாக எழும் புகையைத்தான் அதனால் இழுக்க முடியும். கூடத்தில் மின்விசிறி சுழன்றாலோ, சன்னல் வழியாகக் காற்று அடித்தாலோ புகை பக்கவாட்டில் சாய்ந்து அதன் பிடியிலிருந்து தப்பிவிடும். எங்கள் புளோக்கில் சமையலறைச் சன்னல் ஒரு பக்கமும் கூடத்துச் சன்னல் எதிர்ப்பக்கமும் இருக்கின்றன. பருவமழைக் காற்றின் திசையைப் பொறுத்து, ஆண்டில் சில மாதங்கள் காற்று சமையலறை வழியாக நுழைந்து கூடத்தின் வழியாக வெளியேறும். எங்கள் வீட்டில் தடுப்பு வருமுன், அந்த மாதங்களில் நான் சன்னலைத் திறந்து வைக்க வைக்க, புகை வெளியே போகாமல் நேராகக் கூடத்துக்குள் வரும். காற்றோட்டம் நல்லதுதான்; ஆனால் அது அடுப்பைத் தாண்டி வந்தால் அடுப்பில் உள்ளதையும் கொண்டுவரும். புகைமூட்டக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 2015லும் 2019லும் மீண்டும் அத்தகைய நாட்கள் வந்தன. எல்லாச் சன்னல்களையும் சாத்திக்கொண்டு, தடுப்பே இல்லாத வீட்டில் மூன்று வேளையும் சமைத்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று தெரியும்.

தீப் பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜூன் 1 முதல் புதிய குடியிருப்புகளில் தீ எச்சரிக்கைக் கருவி இருப்பது கட்டாயம். அதைச் சமையலறைக்குள்ளோ குளியலறை வாசலிலோ பொருத்தாமல், வெளியேறும் வழியில், பெரும்பாலும் கூடத்தின் கூரையில் பொருத்துவார்கள். புகையும் நீராவியும் தேவையில்லாமல் அதை அலற வைக்கக்கூடாது என்பதே காரணம். ஆனால் தடுப்பில்லாத வீட்டில் கூடத்தின் கூரையும் சமையலறையின் கூரையும் ஒன்றே. எனக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதியர், மீன் பொரிக்கும் ஒவ்வொரு முறையும் கருவி அலறி, தூங்கும் கைக்குழந்தை எழுந்துவிடுகிறது என்று அதன் மின்கலத்தைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டார்கள். கேட்டபோது எனக்குப் பதறியது. நம் நாட்டில் வீட்டுத் தீச்சம்பவங்களுக்கு முக்கியக் காரணம், ஆள் கவனிக்காமல் அடுப்பில் விடப்படும் சமையல்தான் என்று சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லி வருகிறது. எச்சரிக்கைக் கருவி மிகவும் தேவைப்படும் வீட்டில் அது ஊமையாக்கப்படுவதற்கு ஒரு கதவு இல்லாததே காரணமாக இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது கழற்றி வைத்திருந்தால், இக்கடிதத்தின் மற்றப் பகுதியைப் படிக்கும் முன் தயவுசெய்து அதைத் திரும்பப் பொருத்திவிடுங்கள்.

திறந்த சமையலறையை விரும்புவோரின் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் நான் உணர்ந்தே எழுதுகிறேன். நான் வளர்ந்தது எழுபதுகளில் கட்டப்பட்ட மூவறை வீட்டில். அதன் சமையலறை வீட்டின் பின்கோடியில் இருந்தது. குளியலறைக்கும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். விருந்தினர் வந்தால் அப்பாவும் மாமாக்களும் கூடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, அம்மா பிளாஸ்டிக் மடிப்புக் கதவுக்குப் பின்னால் வியர்வை வழிய நின்றுகொண்டிருப்பார். யார் என்ன பேசினார்கள் என்பதை எல்லாரும் போன பிறகுதான் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். சமைப்பவரைச் சுவருக்குப் பின்னால் தனித்து விடக்கூடாது என்று இன்றைய பிள்ளைகள் நினைப்பது அன்பினால்தான். என் மகனும் அதைத்தான் சொன்னான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததன்று. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் 1926இல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்று நாம் மேடை, தொட்டி, அலமாரி என்று வரிசையாகப் பொருத்திக்கொள்ளும் சமையலறைக்கு அதுவே முன்னோடி. அதற்கு முன் அங்கே பல தொழிலாளர் குடும்பங்கள் சமைத்ததும் உண்டதும் சில சமயம் உறங்கியதும் ஒரே அறையில்தான். அவர் சமையலைத் தனி அறைக்கு மாற்றினார். அந்த அறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, அது பெண்ணைச் சிற்றறைக்குள் தனிமைப்படுத்தியது என்ற குறை எழுந்தது. அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் எனக்கு அவருடைய வடிவமைப்பில் மிகவும் பிடித்தது ஒன்று: சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே அவர் வைத்தது வெறும் சுவரன்று, ஓர் அகலமான சறுக்குக் கதவு. சமைக்கும்போதே பிள்ளையைக் கவனித்துக்கொள்ளலாம்; வாடை வந்தால் மூடிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. கண்ணாடி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வாழும் நமக்கு அந்த விடை இன்னும் எளிது.

என் தங்கை மகளுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இன்றைய நாலறை வீடு ஏறத்தாழ 90 சதுர மீட்டர், மூவறை வீடு 60 முதல் 65 சதுர மீட்டர். அந்த அளவில் செங்கல் சுவர் எழுப்பினால் வீடு சுருங்கியதாகவே தோன்றும், வெளிச்சமும் குறையும். கண்ணாடித் தடுப்பு அலுமினியச் சட்டத்தோடு சேர்த்தும் அரையடி கனம்கூட இராது. பார்வை அதைத் தாண்டிச் சமையலறைச் சன்னல்வரை போவதால் கூடம் சுருங்கியதாகத் தோன்றாது. சோபாவில் இருந்தபடியே அடுப்பில் தீ எரிவது தெரியும். அடுப்பருகில் நின்றபடியே பிள்ளை என்ன செய்கிறாள் என்பது தெரியும்.

ஆனால் கண்ணாடித் தடுப்பு என்று சொல்லிவிட்டு ஒப்பந்ததாரரிடம் பொறுப்பை முழுதாக ஒப்படைத்துவிடக் கூடாது. எங்களுக்கு அந்தப் பாடம் செலவோடுதான் கிடைத்தது. முதல்முறை எங்களுக்குத் தடுப்புப் போட்டவர், அழகாக இருக்கும் என்று சொல்லி, கண்ணாடியைக் கூரைக்கு ஓரடி கீழே நிறுத்திவிட்டார். வேலை முடிந்த அன்று மாலை ஆசையோடு வற்றல் குழம்புக்குத் தாளித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் புகை நேராக மேலே எழுந்தது, கூரையைத் தொட்டது, அப்படியே பரவி அந்த ஓரடி இடைவெளி வழியாகக் கூடத்துக்குள் இறங்கியது. என் மாமியார் நாற்காலியில் இருந்தபடி இருமத் தொடங்கினார். சூடான காற்று முதலில் கூரையின் கீழ்தான் தங்கும் என்பதை யோசித்திருந்தால், மேலே திறந்துவிட்டுக் கீழே மூடும் தடுப்பினால் பயன் இல்லை என்பது விளங்கியிருக்கும். அதே ஒப்பந்ததாரர் அந்த இடைவெளியை மூட வந்தபோது, கண்ணாடியைப் பொய்க்கூரைவரை உயர்த்தினார். அப்போதும் வாடை வந்தது. சமையலறையிலிருந்து கூடம்வரை நீண்டிருந்த அந்தப் பொய்க்கூரையின் உள்ளே வெற்றிடம் இருந்தது. விளக்குகளுக்காக வெட்டிய துளைகள் வழியாகப் புகை அதற்குள் புகுந்து மறுபக்கம் வெளிவந்தது. மூன்றாவது முறை வேறொருவரை அழைத்து, பொய்க்கூரையை வெட்டி, தடுப்பை அசல் கான்கிரீட் கூரைவரை கொண்டுபோன பிறகுதான் கூடம் சுத்தமானது.

கதவு பற்றியும் சொல்கிறேன், ஏனெனில் முதியவர் இருக்கும் வீட்டில் அதுதான் முக்கியம். எங்களுக்கு முதலில் தரையில் தண்டவாளம் பதித்துச் சறுக்குக் கதவு போட்டார்கள். அது விரலளவு உயரம்தான் மேலெழுந்து நின்றது. ஆயினும் என் மாமியாரின் நடைச்சட்டத்தின் முன்சக்கரம் தினமும் அதில் தட்டியது. ஒருநாள் கையில் காப்பிக் கோப்பையோடு அவர் தடுமாறியபோது நான் பக்கத்தில் இருந்ததால் பிடித்துக்கொண்டேன். அதுமட்டுமன்றி, அந்தத் தண்டவாளத்தின் பள்ளத்தில் விழும் அரிசியையும் உளுந்தையும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்து ஊசி கொண்டு நோண்டி எடுக்க வேண்டியிருந்தது. இப்போது இருப்பது மேலிருந்து தொங்கும் சறுக்குக் கதவு. தரையில் ஓரிடத்தில் மட்டும் கதவு ஆடாமல் இருக்க ஒரு சிறு பிடிப்பு உண்டு. கதவுக்கும் தரைக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புகை மேலே போகும் பொருள், கீழே உள்ள இடைவெளியால் பெரிய கேடு இல்லை.

கண்ணாடி டெம்பர்டு வகையாக இருக்கட்டும். உடைந்தால் கூரிய சில்லுகளாகப் பிளக்காமல், சிறு மணிகளாக உதிரும். அது தீயைத் தடுக்கும் கண்ணாடி அன்று என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தடுப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. எரிவாயு அடுப்பு எரிவதற்கும் காற்று வேண்டும். ஆகவே கதவை மூடிச் சமைக்கும்போது சமையலறைச் சன்னல் திறந்தே இருக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் மிச்சம் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. நம் வீவக வீடுகளில் துணி காயப்போடும் பகுதி பெரும்பாலும் சமையலறையை ஒட்டியே இருக்கிறது. கூடத்துக்குப் போகும் புகையைத் தடுத்தால் அது துணியின் பக்கம் போகும். நான் காலையில் சமையலை முடித்து, கால் மணி நேரம் காற்றாடவிட்டு, அதன் பிறகே துணியைக் காயப்போடுகிறேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது இயலாது என்பது தெரியும். இடம் இருப்பவர்கள் அந்தப் பகுதிக்கும் ஒரு கதவு வைத்துக்கொள்வது நல்லது. தனியார் குடியிருப்புகளில் ஈரச் சமையலறை, உலர் சமையலறை என்று இரண்டாகப் பிரித்துக் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நமக்கு இரண்டு சமையலறை தேவையில்லை. ஒன்றை மூட முடிந்தால் போதும்.

புகையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் முறியடிப்புக் காலத்தில் என் கணவரும் மகனும் கூடத்து மேசையில் இருந்துதான் வேலை பார்த்தார்கள். அந்நேரம் எங்கள் வீட்டில் தடுப்பு வந்துவிட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு மிக்சியில் சட்னி அரைப்பேன். மகன் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பான். தடுப்பில்லாத வீட்டிலிருந்த என் தோழியோ பத்து நாளைக்கு மேல் தேங்காய்ச் சட்னியே அரைக்கவில்லை. எங்கள் தளத்தில் உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பத்தில், நோன்பு மாதத்தில் பொழுது விடியுமுன் சஹர் உணவு சமைப்பார்கள். கூடத்தில் பாய் விரித்து உறங்கும் பிள்ளைகளின் தூக்கம் கெடாமல் இருக்கக் கதவு எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று அந்த அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலோ தைப்பூச விரத நாட்களில் கூடத்து மூலையில் விளக்கேற்றியிருக்கும். அதே நேரத்தில் பேத்திக்கு முட்டை பொரிக்க வேண்டியிருக்கும். கதவைச் சாத்திவிட்டால் என் மாமியாரின் மனம் சங்கடப்படாது.

இனி அதிகாரிகளின் கவனத்துக்கு என் வேண்டுகோள். பிடிஓ எனப்படும், தேவைக்கேற்பக் கட்டப்படும் புதிய வீவக வீட்டை வாங்குவோர் தரை ஓடு, உட்கதவு, குளியலறைப் பொருத்துபொருள்கள் முதலியவற்றைக் கூடுதல் கட்டணத்தில் முன்கூட்டியே தெரிவுசெய்துகொள்ளும் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. அந்தத் தெரிவுகளோடு, கூரைவரை எட்டும் சமையலறைத் தடுப்பும் மேலிருந்து தொங்கும் கதவும் எல்லாத் திட்டங்களிலும் எல்லா அளவு வீடுகளிலும் இடம்பெற வேண்டும். கட்டும்போதே அமைத்தால் கூரையோடு சரியாகப் பொருந்தும். சாவி வாங்கிய பின் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆள் தேடி, நாங்கள் பட்ட பாட்டைப் பட வேண்டியிராது. தோ பாயோ வீவக நடுவத்தின் காட்சிக்கூடத்துக்கு இளம் தம்பதியர் ஆவலோடு போகிறார்கள். அங்கே அத்தகைய தடுப்புள்ள சமையலறை ஒன்றையும் அமைத்து, அன்றாடம் தாளித்தும் வறுத்தும் சமைக்கும் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டுமன்று, பெலாச்சான் (இறால் விழுது) வறுக்கும் மலாய்க் குடும்பத்துக்கும், கொழுந்துவிட்டெரியும் தீயில் வாணலியைப் புரட்டும் சீனக் குடும்பத்துக்கும் இது பொதுவான தேவை.

மறுவிற்பனை வீடு வாங்கிச் சமையலறைச் சுவரை இடிக்க நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. இடிப்பதற்கு வீவகவின் அனுமதியும், அதன் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரரும் வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவராக இருந்தால் தொடவே முடியாது. சத்தம் எழுப்பும் இடிப்புப் பணி வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான். அத்தனையும் செய்து சுவரை அகற்றிய பிறகு, ஓராண்டு கழித்து அதே இடத்தில் தடுப்புப் போட ஆள் தேடியவர்களை எங்கள் புளோக்கிலேயே இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன், அந்த வீட்டில் ஒரு வாரமாவது சமைத்துப் பாருங்கள். முடியாவிட்டால், திறந்த சமையலறை உள்ள உறவினர் வீட்டில் மீன் பொரிக்கும் நாளில் போய் ஒரு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்திருங்கள். சுவர் முழுதாக வேண்டாம் என்று தோன்றினால், இடுப்பளவு சுவரை விட்டுவைத்து, அதன்மேல் கண்ணாடி வைக்கலாம். கீழ்ச்சுவர் இருந்தால் பிள்ளைகள் விளையாட்டுச் சாமானை எறிந்து கண்ணாடியில் கீறல் விழும் கவலையும் குறையும்.

என் தங்கை மகள் இப்போது தடுப்புப் போடச் சம்மதித்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அளவெடுக்க ஆள் வருகிறார். பொய்க்கூரை போடும் முன் தடுப்பை முடிக்க வேண்டும், அளவை அசல் கூரையிலிருந்தே எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன். அன்று நானும் உடன் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்